பதில்: ட்ரெஸ்டனில் சில்பர்மானின் ஆர்கனை எங்கே கேட்கலாம்?

ஜெர்மனியின் ட்ரெஸ்டனுக்கு இரண்டே நாள் பயணம், அங்குள்ள ஃப்ராவன்கிர்ஷே தேவாலயத்தில், 18ஆம் நூற்றாண்டில் ஆர்கன் (குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய தேவாலய இசைக்கருவி) செய்த காட்ஃப்ரீட் சில்பர்மானின் கருவியைக் கேட்டால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே அது இல்லை, நண்பரே. 1736இல் அவர் முடித்த, அதே ஆண்டு டிசம்பரில் இசையமைப்பாளர் பாஹ் வாசித்த அந்தக் கருவி 1945 குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. இப்போது இருப்பது 2005இல் வைத்த புதியது. ஸ்ட்ராஸ்பூர்க்கைச் சேர்ந்த கெர்ன் என்ற ஆர்கன் பட்டறையின் வேலை. சில்பர்மானும் தம் அண்ணன் அந்திரேயாஸிடம் தொழில் கற்றது அதே ஊரில்தான்!

சில நிமிட நடைதூரத்தில் உள்ள ஹோஃப்கிர்ஷே தேவாலயத்துக்குப் போங்கள். அங்கே இருப்பது சில்பர்மானின் கடைசி ஆர்கன். வேலை முடியுமுன் 1753இல் அவர் இறந்துவிட, 1755இல் சீடர் ஹில்டெபிராண்ட் முடித்துக்கொடுத்தார். 1944இலேயே குழல்களைக் கழற்றி வேறிடத்தில் பத்திரப்படுத்தியதால் அவை தப்பின. ஆர்கனின் மரக்கூடு எரிந்துபோனது.

ஆனால் எனக்கு ஒரே ஒரு நாள் கிடைத்தால் ஃப்ரைபெர்க் என்ற ஊரின் கதீட்ரலுக்குத்தான் போவேன். ட்ரெஸ்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சில்பர்மான் 1714இல் முடித்த, மூன்று விசைப்பலகைகளும் 44 குழல்வரிசைகளும் கொண்ட ஆர்கன் அங்கே இருக்கிறது. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்றுதான். சுருதியும் இன்றைய வழக்கத்தைவிட உயரம், பழகிய காதுக்கு முதலில் சற்று விசித்திரமாக இருக்கும்.

டிக்கெட் எடுக்கும்போது கவனம்: ஃப்ரைபுர்க் என்பது ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள வேறு ஊர்.