கதவிடுக்கில் நீட்டிய கால்

கேள்வி: திருப்பூரில் அடுக்குமாடி வீடு, ஐந்தாவது மாடி. அம்மா தவறிய பிறகு, காங்கேயம் பக்கம் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தனியாக இருந்த அப்பாவை (வயது 74) எட்டு மாதத்துக்கு முன் எங்களோடு கூட்டி வந்துவிட்டோம். நானும் மனைவியும் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதால், பாதுகாப்புக்காக வெளியே பூட்டிக்கொண்டு போகிறோம். தூசியும் சத்தமும் வராமல் ஜன்னலெல்லாம் சாத்தி, ஏசி போட்டு, 18,000 ரூபாய்க்குக் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினும் வாங்கி வைத்திருக்கிறோம். கொசுவுக்கு ராத்திரியில் சுருள். இருந்தும் அவருக்குத் தூக்கமில்லை, பசியில்லை, ‘மூச்சு முட்டுது’ என்கிறார். ரத்தம், ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். பகல் பூராவும் வாசற்கதவை ஒட்டி உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்கிறார். சாயங்காலம் நாங்கள் கதவைத் திறந்தால் காலில் இடிக்கிறது, எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை. இன்னும் பெரிய மெஷினாக வாங்கலாமா? ஆக்ஸிஜன் தரும் செடிகள் வைத்தால் பலன் உண்டா?

பதில்: தம்பி, மெஷின் கிடக்கட்டும். அந்தக் காலைப் பற்றிப் பேசலாம்.

கதவு இடிக்கிறது என்று புகாராக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஏன் வந்து உட்காருகிறார் என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்தீர்களா? கதவுக்கும் தரைக்கும் நடுவில் அரை விரல் சந்து இருக்கும். ஆடி மாதம் இது. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து, உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளையெல்லாம் சுற்றவைக்கிற காற்றுக்கு உங்கள் வீட்டில் நுழைய மிச்சமிருக்கிற வழி அந்தச் சந்துதான். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கிளுவை வேலியோரம் மாடு பார்த்துவிட்டு, ராத்திரி வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்த மனுசர். உள்ளங்காலிலாவது படட்டும் என்று நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள்.

பூட்டை ‘பாதுகாப்புக்காக’ என்ற ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். அந்த வீட்டில் ஒரு ஷார்ட் சர்க்யூட் ஆனால், நெஞ்சு வலித்தால், அவர் யாரைக் கூப்பிடுவார்? மாட்டைக்கூட விடிந்ததும் அவிழ்த்துவிடுவோம், கட்டுத்தறி ராத்திரிக்குத்தான். உங்கள் அப்பாவுக்கு எட்டு மாதமாக ராத்திரியும் அதே, பகலும் அதே. நாளைக்கே இன்னொரு சாவி அடித்து அவர் இடுப்பில் கொடுங்கள். லிஃப்டில் எந்தப் பொத்தான் என்று நாலு தடவை கூடப் போய்க் காட்டுங்கள். கீழே வாட்ச்மேனிடம் சொல்லிவையுங்கள். பேரப்பிள்ளைகளின் செல்போன் விளையாட்டைவிட லிஃப்ட் ஒன்றும் கஷ்டமில்லை.

‘மூச்சு முட்டுது’ என்பதை மனப்பிரமை என்று நினைக்கிறீர்கள் போல. வீட்டு ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை, அறைக்குள் இருப்பதையே குளிரவைத்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. உங்கள் மெஷின் தூசியைப் பிடிக்கும். நாம் விடுகிற மூச்சிலிருந்து சேரும் கரியமில வாயுவை அது தொடாது. வெளியே பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிற அந்த வாயு, சாத்திய படுக்கையறையில் விடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். டென்மார்க்கில் மாணவர் விடுதி அறைகளில் இதைச் சோதித்தார்கள். காற்றோட்டம் கொடுத்தபோது பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள், மறுநாள் மூளையும் தெளிவாக வேலை செய்தது. இருபது வயசுக்காரர்களுக்கே அப்படி.

சுருளை வேறு கொளுத்துகிறீர்கள்! ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடியும்போது வருகிற நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. பதினெட்டாயிரம் கொடுத்து ஒரு மூலையில் தூசியைப் பிடிக்கிறீர்கள், இன்னொரு மூலையில் நீங்களே புகை போடுகிறீர்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்துவிடுங்கள். செடி ஆசைக்கு வையுங்கள். செடி வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்கிற கதையெல்லாம் 1989-ல் நாசா மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து கிளம்பியது. வீட்டளவுக்கு அது செல்லாது.

காற்றை மருந்தாக்கிப் பேசுகிறவர்களையும் நான் நம்புவதில்லை. பெருந்துறை சானடோரியத்தை உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். நல்ல மருந்து வராத காலத்தில் காசநோய்க்காரர்களைக் காற்றோட்டமான இடத்தில் படுக்கவைப்பதுதான் உலகம் முழுக்க வைத்தியம். மருந்து வந்த பிறகு, வீட்டிலிருந்தே அதைச் சாப்பிட்டாலும் தேறிவிடலாம் என்று 1959-ல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது. காற்று மருந்து இல்லை, சரி. சோறும் மருந்தில்லை, அதற்காகப் போடாமல் இருக்கிறோமா?

தூக்கத்துக்கு வெளிச்சமும் வேண்டும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் ராத்திரி எது என்று கண்டுபிடிக்கும். மேகம் போட்ட நாளில்கூட வெளியே இருக்கிற வெளிச்சம் உங்கள் ட்யூப்லைட்டைவிடப் பல மடங்கு. காலையில் லாரியும் கம்பெனி பஸ்ஸும் ரோட்டை அடைப்பதற்கு முன் அவரைக் கூட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடங்கள். மார்கழியில் மட்டும் பனி விலகி வெயில் ஏறட்டும், புகையும் தூசியும் அதுவரை தரையோடு தங்கிக் கிடக்கும். சித்திரை உச்சி வெயிலில் வேண்டவே வேண்டாம்.

கூட்டிக்கொண்டு நடங்கள் என்றது உங்களைத்தான். மருமகள் தலையில் கட்டாதீர்கள். பெற்றவரைக் கூட்டி வந்து வைத்துக்கொண்டேன் என்று ஊரில் பெயர் வாங்கியாயிற்று. என்னைக் கேட்டால் அது பாதிக் கடமைகூட இல்லை. பொஞ்சாதியையும் காட்டையும் மாட்டையும் ஒரே நேரத்தில் இழந்தவர் அவர். பசியும் தூக்கமும் போனது அந்தத் துக்கத்தாலும் இருக்கலாம். மனச்சோர்வா என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள், மூச்சு முட்டுகிறது என்பதையும் மறுபடி சொல்லுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு சாளைக்குக் கூட்டிப்போய், வாசலில் அவருக்குப் பக்கத்தில் நீங்களும் ஒரு கட்டில் போட்டுப் படுங்கள். காங்கேயம் என்ன சீமையிலா இருக்கிறது?

இன்று சாயங்காலம் சாவி போடுவதற்கு முன் கதவைத் தட்டுங்கள். ‘நாந்தானுங்கப்பா’ என்று குரல் கொடுத்து, அவர் காலை மடக்கிக்கொண்ட பிறகு திறங்கள். உள்ளே போய் உட்கார வேண்டாம். அவருடைய செருப்பு எங்கே கிடக்கிறதென்று பார்த்து எடுத்து வெளியே போடுங்கள்.