கோலிக்குண்டு மேட்டில் ஏறிய மதுக்கடை

கேள்வி: இங்கிலாந்தில் சாய்ந்து நின்ற மதுக்கடை ஒன்றில், மேஜையில் வைத்த கோலிக்குண்டு மேட்டைப் பார்த்து உருளுமாமே, நிஜமா? இப்போது போனால் பார்க்கலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: உருண்டது நிஜம். மேட்டைப் பார்த்து உருண்டது என்பது கண் செய்த வேலை. பார்க்க ஆசைப்படாதீர்கள், அந்தக் கடை இப்போது இல்லை.

டட்லி ஊருக்குப் பக்கம், ஹிம்லியில் இருந்தது அது. 1765-ல் பண்ணை வீடாகக் கட்டி, 1830-களில் பப்பாக மாற்றினார்கள். அடியில் இருந்த நிலக்கரியைத் தோண்டத் தோண்ட மண் இறங்கி, கட்டடத்தின் ஒரு முனை மற்றதைவிட நான்கடி தாழ்ந்துவிட்டது. ஊர் வாய்க்கு அது 'க்ரூக்கட் ஹவுஸ்', கோணல் வீடு. பலகையில் முன்பு இருந்த பெயர் வேறு: 'க்ளின் ஆர்ம்ஸ்'. நிலத்துக்காரரான சர் ஸ்டீபன் க்ளின், பிரதமர் கிளாட்ஸ்டனுக்கு மச்சான். கிளாட்ஸ்டன் ஆட்சிதான் 1872-ல் மதுக்கடை நேரத்துக்குக் கட்டுப்பாடு போட்டது. 1874 தேர்தலில் தோற்றதும், ஜின்னும் பீரும் வெள்ளமாக வந்து எங்களை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அண்ணனுக்கு எழுதினார் மனிதர். மச்சான் பெயரில் ஒரு பப் ஓடிக்கொண்டிருந்ததை நினைத்தாரோ இல்லையோ!

2009-ல் சித்தப்பா மகனோடு நான் போயிருக்கிறேன். நான் குடித்தது ஆரஞ்சு ஜூஸ்தான். வீட்டில் யாரும் நம்பவில்லை. ஜன்னல் விளிம்பில் ஒரு பென்னி காசை நிறுத்திவைத்தான் அவன். அது நிதானமாக மேட்டில் ஏறிப் போனது. சுவர், ஜன்னல், கதவு எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கண் அதையே நேர் என்று எடுத்துக்கொள்கிறது. அப்புறம் உண்மையான பள்ளம் மேடாகத் தெரியாமல் என்ன செய்யும்? நேராகத் தொங்கிய விளக்குதான் எனக்குக் கோணலாகத் தெரிந்தது.

1940-களில் இடிக்கச் சொன்னபோதுகூட, முட்டுச்சுவர் கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். 2023 ஜூலையில் கை மாறியது. ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. 7-ஆம் தேதி புல்டோசர் வந்து, மிச்சத்தைத் தரைமட்டமாக்கியது. மேல்மாடியில் சில பகுதிகளை எடுக்கத்தான் அனுமதி, முழுதாக இடிக்க இல்லை என்றது உள்ளூர் கவுன்சில். தீக்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியே மூன்று வருஷத்துக்குள் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் நோட்டீஸும் அனுப்பியது. அப்படியே என்றால் கோணலாகத்தான். தூக்குக்குண்டைத் தூரப் போட்டுவிட்டுக் கட்டு என்றால் எந்தக் கொத்தனார் ஒத்துக்கொள்வார், சொல்லுங்கள்?