மைத்துனருக்காக வாங்கும் பூஸ்டர் பெட்டிகளும் தீராத கிரெடிட் கார்டு கடனும்

கேள்வி: நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி, வயது 29. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மத்திய சேம நிதிப் பிடித்தம் போக மாதம் 3,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கைக்கு வருகிறது. எனக்கும் மனைவிக்குமாக அறை வாடகை 1,100, சாப்பாடும் போக்குவரத்தும் 1,000, ஊரில் பெற்றோருக்கு 500. எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு 'மேஜிக்: தி கேதரிங்' அட்டை விளையாட்டு. வெள்ளிக்கிழமைகளில் கடையில் நடக்கும் ஸ்டாண்டர்டு (அண்மைய செட்டுகளின் அட்டைகளை மட்டும் கொண்டு ஆடும் வகை) போட்டிகளில் ஆடுகிறேன். தகுதிச்சுற்றுகளில் இறங்கும் அளவுக்கு ஒரு நல்ல டெக்கை (ஆடுவதற்கான அட்டைக்கட்டு) குறைந்த செலவில் அமைக்க விரும்புகிறேன். புதிய செட் (அட்டைத் தொகுப்பு) வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பூஸ்டர் பெட்டியும் (எந்த அட்டை இருக்கும் என்று தெரியாத பொதிகள் அடங்கிய பெட்டி), மனைவியின் தம்பியான என் மைத்துனருக்கு இரண்டு பெட்டிகளும் என் கிரெடிட் கார்டில் வாங்குகிறேன். பெட்டி 220 வெள்ளி. அவர் சம்பளத்துக்கு வங்கி கார்டு தரவில்லை. பிரிக்காமல் வைத்திருந்தால் விலை ஏறும், விற்றதும் பணம் தருகிறேன் என்கிறார். ஓராண்டில் அவருக்கு வாங்கியது 12 பெட்டிகள், அவர் திருப்பித் தந்தது 600 வெள்ளி. சென்ற ஆண்டு ஊருக்குப் போய்வந்த விமானச் செலவு 1,400 வெள்ளியும் அதே கார்டில்தான் இருக்கிறது. மொத்த நிலுவை 4,800. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன், ஆனாலும் கடன் குறையவே இல்லை. விளையாட்டை விட்டுவிட வேண்டுமா? மைத்துனரிடம் மறுத்தால் வீட்டில் மனத்தாங்கல் வரும்.

பதில்: விளையாட்டை நீங்கள் விட வேண்டியதில்லை. தேவையான அட்டைகளைத் தனித்தனியாக வாங்குவதே மலிவு என்பதும், பெட்டி பிரித்து டெக் சேர்க்க முடியாது என்பதும் வெள்ளிக்கிழமைதோறும் ஆடும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆகவே அதை நான் விரிவாக விளக்கப் போவதில்லை. உங்களை நெரிப்பது ஒரே ஒரு பழக்கம்: முந்தைய செட்டின் கடன் தீருமுன் அடுத்த செட்டின் பெட்டிகளை அதே கார்டில் ஏற்றுவது. அதிலும் பெரும்பகுதி உங்கள் ஆட்டத்துக்காக வாங்கியது அல்ல.

முதலில் கடன் எப்படிச் சேர்ந்தது என்பதைப் பிரித்துப் பார்ப்போம். மைத்துனரின் 12 பெட்டிகளுக்கு 2,640 வெள்ளி; அவர் தந்த 600 போக மீதி 2,040. உங்களுடைய ஆறு பெட்டிகளுக்கு 1,320. விமானச் செலவு 1,400. கூட்டினால் 4,760, அதாவது கிட்டத்தட்ட உங்கள் நிலுவைத் தொகையே வந்துவிடுகிறது. இதுவரை நீங்கள் கட்டிய குறைந்தபட்சத் தொகைகள் எல்லாம் அனேகமாக வட்டிக்கே போயிருக்கின்றன, அசலை அவை பெரிதாகக் குறைக்கவில்லை. கடனில் பெரிய பங்கு, சொல்லப்போனால் பத்தில் நான்குக்கும் மேல், நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்காத பெட்டிகளுக்கானது.

சிங்கப்பூரில் கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 26 முதல் 28 விழுக்காடு வரை இருக்கிறது. 27 என்று வைத்துக்கொண்டால், 4,800 வெள்ளிக்கு மாத வட்டி 108. குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 3 விழுக்காடு, அதாவது 144 வெள்ளி. அதில் வட்டி போக அசலில் கழிவது 36 வெள்ளி மட்டுமே. இனி ஒரு காசுகூடப் புதிதாகச் செலவழிக்காமல் இதே முறையில் கட்டிவந்தாலும், நிலுவை பாதியாவதற்கே ஏழரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதைவிட முக்கியமான இன்னொரு செய்தியும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. நிலுவையை முழுவதும் கட்டாதவருக்கு வட்டியில்லாக் காலம் என்று எதுவும் கிடையாது. புதிதாக வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் நாலு வெள்ளிக்கு ஒரு தனி அட்டை வாங்கினாலும் அதுவும் 27 விழுக்காடு வட்டிக்கு வாங்கிய அட்டைதான்.

இப்போது செட்டுகள் வெளிவரும் வேகத்தைப் பாருங்கள். 2025-ஆம் ஆண்டில் மட்டும் ஸ்டாண்டர்டுக்கு ஆறு செட்டுகள் வந்தன: பிப்ரவரியில் ஈதர்டிரிஃப்ட், ஏப்ரலில் தார்கிர் டிராகன்ஸ்டார்ம், ஜூனில் ஃபைனல் ஃபேன்டசி, ஆகஸ்டில் எட்ஜ் ஆஃப் எடெர்னிட்டீஸ், செப்டம்பரில் ஸ்பைடர்மேன், நவம்பரில் அவதார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மூன்று பெட்டிகள், அதாவது 660 வெள்ளி. அதே இரண்டு மாதத்தில் நீங்கள் அசலில் கழிப்பது 72 வெள்ளி. இந்தக் கணக்கில் கடன் குறைவதற்கு வழியே இல்லை.

மைத்துனர் சொல்லும் முதலீட்டைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஃபைனல் ஃபேன்டசி பெட்டிகளின் விலை ஏறியது உண்மைதான்; அவர் அதைத்தான் எடுத்துக்காட்டுவார். ஆனால் அந்தச் செட் ஒரே நாளில் 20 கோடி அமெரிக்க டாலருக்கு விற்பனையானதாக விளையாட்டின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோ நிறுவனம் அறிவித்தது. அவ்வளவு பெருந்தொகைக்கு அச்சிடப்பட்ட ஒரு பொருளை அரும்பொருள் என்று நம்பிக் கடன் வாங்கிச் சேர்ப்பது எனக்குக் கவலை தருகிறது. எல்லாச் செட்டுகளும் அப்படி ஏறுவதுமில்லை. ஏறினாலும் கார்டு வட்டியை முந்த வேண்டும்: 220 வெள்ளிப் பெட்டியின் உண்மையான அடக்கவிலை ஓராண்டில் ஏறக்குறைய 287 ஆகிவிடுகிறது. விற்பனைத் தளத்தின் கட்டணம், அஞ்சல் செலவு ஆகியவற்றுக்குப் பத்து விழுக்காடு கழித்தால், 320 வெள்ளிக்கு விற்றால்தான் கைநட்டமில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் அடக்கவிலையே 375 ஆகிவிடும். லாபம் வந்தால் அது அவருக்கு, வட்டியும் நட்டமும் உங்களுக்கு என்ற ஏற்பாட்டை முதலீடு என்று அழைக்க என்னால் முடியவில்லை.

இந்த விளையாட்டின் விலைவரலாறும் எச்சரிக்கையைத்தான் தருகிறது. 1995-இல் குரோனிக்கிள்ஸ் என்ற மறுபதிப்பு வந்தபோது பழைய அட்டைகளின் விலை சரிந்து, சேகரிப்பவர்கள் கொதித்த பிறகுதான், இன்னின்ன அட்டைகளை மறுபடி அச்சிட மாட்டோம் என்ற பட்டியலை விளையாட்டைத் தயாரிக்கும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1996-இல் வெளியிட்டது. இன்று நீங்கள் வாங்கும் செட்டுகள் எதற்கும் அந்த வாக்குறுதி பொருந்தாது. 2024 செப்டம்பரில் கமாண்டர் வகை ஆட்டத்தில் மானா கிரிப்ட், ஜுவல்டு லோட்டஸ் போன்ற விலையுயர்ந்த அட்டைகள் தடைசெய்யப்பட்டதும் அவற்றின் விலை ஒரே நாளில் விழுந்தது. உங்கள் ஸ்டாண்டர்டிலேயே 2025 ஜூன் 30 அன்று ஏழு அட்டைகள் ஒருசேரத் தடைபட்டன; ஹார்ட்ஃபயர் ஹீரோவும் மான்ஸ்ட்ரஸ் ரேஜும் அவற்றுள் அடங்கும். சிவப்பு டெக் வைத்திருந்தவர்கள் அதிலிருந்து மீண்டுவருவதற்குள், நவம்பரில் விவி ஆர்னிட்டியருடன் ஸ்கிரீமிங் நெமிசிஸும் போயிற்று. ஆட அட்டை வாங்குபவர் இந்த இடரை ஏற்கத்தான் வேண்டும். சேமிப்பாகக் கருதி வாங்குபவர், அதுவும் கடனில் வாங்குபவர், ஏற்கக் கூடாது.

ஆகவே செய்ய வேண்டியது இது. மைத்துனரிடம் இன்னும் விற்காமல் இருக்கும் பெட்டிகளை எண்ணிப் பாருங்கள். அவர் தந்த 600 வெள்ளி மூன்று பெட்டிகள் விற்ற பணம் என்று கொண்டால், ஒன்பது மீதமிருக்க வேண்டும். அவற்றுக்குப் பணம் கட்டியவர் நீங்கள் என்பதால் அவற்றை விற்கச் சொல்லும் உரிமையும் உங்களுடையதே. கட்டணம் போகப் பெட்டிக்கு 200 வெள்ளி கிடைத்தாலும் 1,800 வெள்ளி வந்துவிடும். வாங்கிய விலைக்குக் குறைவாக விற்பதா என்று அவர் தயங்கினால், ஒரு பெட்டிக்கு ஏற்படும் 20 வெள்ளி நட்டம், கார்டில் நான்கு மாதம் கிடந்தால் ஏறும் வட்டிக்கு ஏறக்குறையச் சமம்தான் என்பதைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

மறுப்பைச் சொல்லும் முறையிலும் கவனம் தேவை. முதலில் மனைவியிடம் இந்தக் கணக்கு முழுவதையும் காட்டுங்கள். நிலுவை எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது என்றே உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. தம்பிக்காகச் சேர்ந்த தொகை 2,040 என்று தெரிந்த பிறகு வரும் பேச்சு வேறாக இருக்கும். பிறகு மைத்துனரிடம், "கார்டுக் கடன் முடியும்வரை அதில் எதுவும் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம், எனக்கும் வாங்கப் போவதில்லை" என்று சொல்லுங்கள். உங்கள் பெட்டியையும் நிறுத்தினால்தான் அந்தச் சொல்லுக்கு வலு இருக்கும். அவருக்குப் பணமாக உதவ விரும்பினால் கையில் இருப்பதிலிருந்து, திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கும் அளவுக்கு மட்டும் கொடுக்கலாம். கார்டைக் கொடுக்க வேண்டாம். இப்போது வாங்கிப் பிறகு தவணையில் கட்டும் செயலிகளுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற யோசனை அடுத்து வரும். அதற்கும் இதே பதில்தான்.

இனி டெக். செலவுகள் போக உங்களிடம் மாதம் 800 வெள்ளி எஞ்சுகிறது. எதிர்பாராத செலவுக்கு 250 ஒதுக்கினால் 550 இருக்கும். அதில் 500-ஐ கார்டுக்கும் 50-ஐ ஆட்டத்துக்கும் வைக்கச் சொல்கிறேன். முழு 550-ஐயும் கடனுக்கே கட்டச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. 4,800 வெள்ளிக் கடன் மாதம் 550 கட்டினால் பத்து மாதத்திலும், 500 கட்டினால் பதினோரு மாதத்திலும் தீர்கிறது. கூடுதல் வட்டி 65 வெள்ளி அளவுதான். வாரம் முழுவதும் உழைக்கும் ஒருவரிடம் அவருடைய ஒரே பொழுதுபோக்கைப் பறித்தால் மூன்றாம் மாதமே திட்டம் குலைந்துபோகும். 65 வெள்ளி அதற்குக் கொடுக்கத் தகுந்த விலை. ஆனால் அந்த 50 வெள்ளி ரொக்கமாகவோ டெபிட் கார்டிலோ மட்டுமே செலவாக வேண்டும், நுழைவுக்கட்டணமும் அதற்குள்தான்.

மாதம் 50 வெள்ளியில் போட்டிக்கு ஏற்ற டெக் வருமா என்றால், பொறுமையாகச் சேர்த்தால் நான்கைந்து மாதத்தில் ஒரே நிற டெக் ஒன்று வரும். பல நிற டெக்குகளில் பணத்தை விழுங்குவது பெரும்பாலும் இருநிற நிலங்களே (நிலம் என்பது மற்ற அட்டைகளை ஆட ஆற்றல் தரும் அட்டை). ஒரு நிறத்தோடு நின்றால் இருபது சொச்சம் நிலங்கள் ஏறக்குறைய இலவசமாகவே கிடைத்துவிடும். 2024 நவம்பரில் வந்த ஃபவுண்டேஷன்ஸ் செட் குறைந்தது 2029 வரை ஸ்டாண்டர்டில் செல்லும் என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், உங்கள் முதல் வெள்ளிகள் அங்கே போகட்டும். பச்சை என்றால் லானோவார் எல்வ்ஸ், சிவப்பு என்றால் பர்ஸ்ட் லைட்னிங் போன்ற அட்டைகள் சில்லறைக் காசுக்குக் கிடைப்பவை, பல டெக்குகளில் மாறிமாறிப் பயன்படுபவை. விலையுயர்ந்த அட்டைகளின் நான்கு பிரதிகளைக் கடைசியாக வாங்குங்கள். அதுவும் செட் வெளியான வாரத்தில் வேண்டாம்; பொதிகள் பரவலாகப் பிரிக்கப்பட்ட பிறகு பெரும்பாலான அட்டைகளின் விலை இறங்கும். அடுத்த தடை அறிவிப்பு எந்த நாளில் வரும் என்பதை விஸார்ட்ஸ் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறது. அந்த நாள் கடக்கும்வரை இருபது வெள்ளிக்கு மேற்பட்ட எந்த அட்டையையும் வாங்காதீர்கள். பளபளப்புப் பதிப்போ விளிம்பில்லாப் பதிப்போ ஆட்டத்தில் ஒரு புள்ளிகூடக் கூடுதலாகத் தராது.

வாங்குமுன் அந்த டெக்கை இதே விளையாட்டின் கணினி வடிவமான அரீனா செயலியில், மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்பவர் வெற்றிபெறும் முறையில், போதிய அளவு ஆடிப் பாருங்கள். உங்கள் ஆட்டமுறைக்குப் பொருந்தாத டெக்கை வாங்கிவிட்டு அடுத்த மாதமே வேறொன்றுக்குத் தாவுவதுதான் ஆட்டக்காரர்களின் பணம் கரையும் இன்னொரு வழி. ஆட்டங்களுக்கு இடையே டெக்கில் மாற்றிக்கொள்ளும் பதினைந்து அட்டைகள் கொண்ட பக்கக் கட்டையும் அலட்சியம் செய்யாதீர்கள்; பெரும்பாலும் மலிவான அட்டைகளே அங்கு இடம்பெறும், ஆனால் உங்கள் கடையில் வழக்கமாக எதிரே அமர்பவர்களின் டெக்குகளுக்கு ஏற்ப அதை அமைத்தால் விலை கூடிய டெக்கையும் வெல்ல முடியும். பழைய செட்டுகள் விலகிப் புதியவை வரும் ஸ்டாண்டர்டின் சுழற்சி சலிப்பூட்டினால், சாதாரண அட்டைகளை மட்டும் கொண்டு ஆடும் பாப்பர் முறையும் இருக்கிறது. 2019-இலிருந்து அது அதிகாரபூர்வமான ஆட்டவகை. உங்கள் கடையில் அதற்குப் போதிய ஆட்டக்காரர்கள் இருந்தால் ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

கடைசியாகக் கடனைக் கட்டும் வழி. பெட்டிகள் விற்ற 1,800-ஐ நேராகக் கார்டில் கட்டினால் நிலுவை 3,000 ஆகும். அந்த நிலையில் உங்கள் வங்கியிடமோ வேறொரு வங்கியிடமோ ஆறு மாத வட்டியில்லா நிலுவை மாற்றம் (கார்டு நிலுவையை ஒரு கட்டணத்துக்கு வட்டியில்லாக் கணக்குக்கு மாற்றுவது) கேளுங்கள். ஒருமுறைக் கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் பெற்று, அது உங்கள் கார்டின் ஆறு மாத வட்டியைவிடக் குறைவு என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். கட்டணம் நீங்கலாக, மாதம் 500 வீதம் ஆறு மாதத்தில் 3,000 முடிந்துவிடும். ஒரு மாதம் தவறினாலோ ஏழாம் மாதத்துக்கு மீதி வைத்தாலோ பழைய வட்டி திரும்பிவிடும் என்பதால், சம்பளம் வரும் மறுநாளே தொகை கணக்கிலிருந்து தானாகக் கழியுமாறு வங்கியிடம் நிலையான ஏற்பாடு செய்துவிடுங்கள். வங்கி உங்களை அழைத்து, கடன் வரம்பை உயர்த்தித் தருகிறோம் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றம் முடிந்ததும் பழைய கார்டின் வரம்பை 1,000 வெள்ளியாகக் குறைக்கும்படி அவர்களிடம் எழுதிக் கேளுங்கள்.