கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வளர்ப்பு விலங்குகளுக்குப் பெயர் வைப்பதைப் பற்றி ஒரு வாசகிக்கு நான்கு வரிகளில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த நான்கு வரிகள் போதவே போதாது என்று கடிதங்கள் வந்து சேர்ந்திருப்பதால் இந்த முறை பகுதி முழுவதும் அதே பொருள்தான். அக்கம்பக்கத்தார் படித்துவிடுவார்கள் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், பெயரைப் பற்றிய பகுதியில் கேட்டவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. ஊரை மட்டும் தந்திருக்கிறேன்.

மேற்கு மாம்பலம் வாசகி: இரண்டு மாத நாய்க்குட்டி வீட்டுக்கு வந்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. மகன் 'அலெக்சாண்டர்' என்கிறான். மாமியார், 'கிருஷ்ணா' என்று வைத்தால் நாள் முழுவதும் பகவான் நாமத்தைச் சொன்னதாகும் என்கிறார். கணவர் 'ஜோ' போதும் என்கிறார். மூவரும் மூன்று விதமாக அழைக்க, குட்டி யாரிடமும் போகாமல் சோபாவுக்கு அடியில் படுத்துக்கொள்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

உங்கள் வீட்டில் எல்லோரும் பெயரின் பொருளைப் பார்க்கிறார்கள். குட்டிக்கு எட்டுவது ஓசை மட்டுமே. அலெக்சாண்டர் உலகை வென்றவன் என்பதோ, கிருஷ்ணன் கீதை சொன்னவன் என்பதோ அதற்குத் தெரியாது. எந்த ஓசைக்குப் பிறகு தட்டில் சோறு விழுகிறது, எந்த ஓசைக்குப் பிறகு தலையில் கை தடவுகிறது என்பதை அது தெரிந்துகொள்ளும். ஆகவே முதலில் முடிவாக வேண்டியது பெயர் எது என்பதல்ல, பெயர் ஒன்றே என்பதுதான்.

மனிதர்களின் பெயரை நாம் எழுதுகிறோம், கையெழுத்திடுகிறோம், அழைப்பிதழில் அச்சிடுகிறோம். நாயின் பெயருக்கோ பெரும்பாலும் ஒரே வேலை, கூப்பிடுவது. நம் இலக்கணம் இதற்கு விளி என்று தனி வேற்றுமையே வைத்திருக்கிறது; தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயல் முழுவதும் அதற்காகவே இருக்கிறது. இகரத்தில் முடியும் பெயர் அழைக்கும்போது ஈகாரமாக நீளும், தொலைவில் இருப்பவரை அழைத்தால் ஓசை அளவு கடந்தும் நீளும் என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. தெருமுனையில் நிற்கும் நாயை 'மணீ...' என்று மொட்டை மாடியிலிருந்து கூப்பிடுகிறவர் இந்த விதிகளைப் படித்திருக்க வேண்டியதில்லை. அவர் வாய் அறிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இத்தனை நாய்களுக்கு மணி என்ற பெயர் அமைந்ததற்கு, இரண்டே எழுத்தாக இருப்பதும், இறுதி உயிர் இழுத்துக் கூப்பிட இடம் தருவதும்தான் காரணம் என்பது என் எண்ணம். 'மேக்ஸ்', 'புரூஸ்' போல மெய்யில் முடியும் பெயரை வைத்துப் பாருங்கள். நம் நாக்கு அதன் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டாமல் விடாது, ஒரு வாரத்தில் அது 'மேக்ஸு' ஆகிவிடும்.

சிறு பெயரே நல்லது என்பது நாம் மட்டும் கண்டதும் அல்ல. கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செனபோன் என்ற கிரேக்கர், வேட்டையைப் பற்றி எழுதிய நூலில், நாய்களுக்கு எளிதில் கூப்பிடத்தக்க குறுகிய பெயர்களையே வைக்க வேண்டும் என்று சொல்லி, 47 பெயர்களைப் பட்டியலும் போட்டிருக்கிறார். நீளமான பெயரை வைத்தாலும் அது நீளமாக நிற்காது. என் சிறு வயதில் எங்கள் வீட்டு நாய்க்கு அப்பா 'தீனதயாளன்' என்று பெயரிட்டார். அஞ்சல்காரரிடம் ஒரு நாளும் தயை காட்டாத அந்த நாய், ஒரு மாதத்தில் தீனாவாகி, பிறகு வெறும் 'தீ' ஆயிற்று. ஒரு மாலை அம்மா வாசலில் நின்று 'தீ, தீ' என்று கத்த, எதிர்வீட்டார் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்கள்.

உங்கள் மூன்று பெயர்களுக்கு வருகிறேன். 'ஜோ' வேண்டாம், நீங்கள் நாளைக்கு இருபது முறை சொல்லப்போகும் 'நோ' என்ற சொல்லோடு அது குழம்பும். 'கிருஷ்ணா' அழைக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குட்டி முதல் செருப்பைக் கடித்துக் குதறும் நாளில், அந்தப் பெயரைச் சொல்லி அதட்டுவதைக் கேட்க உங்கள் மாமியாருக்கே பொறுக்காது. கிருஷ்ணனுக்கு வீட்டில் வழங்கும் செல்லப் பெயரான 'கிட்டு' இருக்கவே இருக்கிறது. வல்லின ஒற்று காதில் பளிச்சென்று விழும், மாமியாருக்கும் பாதி நாமம் மிஞ்சும். 'சிட்' என்ற கட்டளையோடு இடிக்கிறதே என்பீர்கள். இடிக்கத்தான் செய்யும். கட்டளையை 'உட்கார்' என்று தமிழில் சொல்லிவிடுங்கள். காலை முதல் இரவு வரை தமிழில் பேசும் வீடுகள்கூட நாயிடம் மட்டும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதன் காரணம் எனக்கு இதுவரை விளங்கவில்லை. 'அலெக்சாண்டர்' தடுப்பூசி அட்டையில் இருக்கட்டும். மகனும் மனம் கோணமாட்டான்.

பெரம்பூர் வாசகர்: எங்கள் நாயின் பெயர் ராமு. நான்கு ஆண்டுகளாக அந்தப் பெயர்தான். சென்ற மாதம் கீழ்த்தளத்துக்குக் குடிவந்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் பெயரும் அதுவாக அமைந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முகம் சரியாக இல்லை. மனிதர் பெயரை விலங்குக்கு வைத்தது எங்கள் தவறா?

தவறில்லை. பழக்கமும் புதிதன்று. மனிதருக்கும் விலங்குக்கும் பொதுவாக வரும் பெயர்களை இலக்கண நூலார் விரவுப்பெயர் என்று தனி வகையாகவே பிரித்தார்கள். உரைகளில் அதற்கு வரும் எடுத்துக்காட்டு, 'சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது' என்பது. முதல் சாத்தன் மனிதன், இரண்டாவது சாத்தன் எருது. வெறும் பெயரைக் கேட்டால் ஆளா மாடா என்று தெரியாது, வினையைக் கேட்டால்தான் தெரியும் என்ற அளவுக்கு அந்தக் காலத்து ஊர்களில் இந்த வழக்கம் இருந்திருக்கிறது.

ஆனால் இலக்கணம் அனுமதித்துவிட்டது என்று அந்த ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு வருத்தம் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இராது. மாடிப்படியில் நின்று நீங்கள் 'ராமு, குப்பையில் வாய் வைக்காதே', 'ராமு, உள்ளே போ, உதை விழும்' என்று சொல்வது கீழ்வீட்டுக் கூடத்தில் தெளிவாகக் கேட்கும். நாற்பது ஆண்டுகள் வகுப்பில் பிறரை அதட்டிய மனிதர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை மாற்றுவது நீங்கள் அஞ்சும் அளவுக்குக் கடினமன்று. காப்பகங்களிலிருந்து வளர்ந்த நாய்களை எடுத்துவருகிறவர்கள் அடிக்கடி செய்வதுதான். முதல் ஓசையை விடாமல் புதுப் பெயரைத் தேர்ந்தெடுங்கள், 'ராக்கி' பொருந்தும். முதல் சில நாட்கள் 'ராக்கி ராமு' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி, அது திரும்பிப் பார்த்தவுடன் ஒரு பிஸ்கட் துண்டைக் கொடுங்கள். பிறகு பின்பாதியை மெல்லக் குறைத்து விட்டுவிடுங்கள். புதுப் பெயரில் திட்டுவதை முதல் சில வாரங்களுக்காவது தள்ளிப்போடுங்கள். பெயர் கேட்டால் நல்லது நடக்கும் என்று அது நம்பும் வரைதான் கூப்பிட்டால் வரும்.

அண்ணா நகர் வாசகி: எங்கள் பூனை பெயரைக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. அதற்குப் பெயர் புரியாதா?

புரியும். பொருட்படுத்துவதில்லை. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பூனையின் பெயரைப் போன்றே நீளம் கொண்ட நான்கு சொற்களை வரிசையாக ஒலிக்கவிட்டு, ஐந்தாவதாக அதன் பெயரைச் சொன்னபோது, காதையோ தலையையோ அசைத்து அந்த ஒன்றைப் பிரித்தறிந்ததைக் காட்டினார்கள். முன்பின் அறியாதவரின் குரலில் சொன்னபோதும் அறிந்தன. வாடிக்கையாளர்கள் வந்துபோகும் பூனை விடுதிகளில் வாழ்பவை மட்டும், தம் பெயரையும் உடன் வாழும் பூனைகளின் பெயர்களையும் பிரித்தறியவில்லை. அடுத்த முறை கூப்பிடும்போது முகத்தைப் பார்க்காமல் காதைப் பாருங்கள்.

கொளத்தூர் வாசகர்: பச்சைக்கிளிக்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று சொல்லுங்கள்.

சொல்லமாட்டேன். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

திருவல்லிக்கேணி வாசகர்: 'மணி சாப்பிட்டானா?' என்று வீட்டில் நாயைப் பற்றிக் கேட்கிறார்கள். தமிழாசிரியரின் மகனான எனக்குக் காது கூசுகிறது. 'சாப்பிட்டதா' என்பதுதானே சரி?

அதுதான் சரி, அவர்கள் சொல்வதும் பிழையாகாது. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகியவற்றால் திணையும் பாலும் மயங்கி வருவதை நன்னூல் இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறது. இதற்குப் பாடப்புத்தகங்களில் காலங்காலமாக வரும் எடுத்துக்காட்டே வீட்டு விலங்குதான்: ஒருவன் தன் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்கிறான். உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்று உங்கள் தந்தையார் கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பார். இதையும் கவனியுங்கள்: அதே வீட்டில் மணி பக்கத்து வீட்டுக் கோலத்தை மிதித்துவிட்டு வந்த நாளில், 'அது எங்கே போய்த் தொலைந்தது?' என்று உடனே அஃறிணைக்கு இறங்கிவிடுவார்கள்.

ஆதம்பாக்கம் வாசகர்: ஜிம்மி, டாமி, டைகர், சீசர் என்று நம் நாய்களுக்கு ஏன் இத்தனை ஆங்கிலப் பெயர்கள்? நாயைச் சிறப்பாக வளர்த்த மரபு நமக்கு இல்லையா?

ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் நம்முடைய இனங்கள்தாம். வளர்க்கும் மரபு இருந்தது. பெயரிடும் வழக்கம் வேறாக இருந்தது. நிறமே பெயர். கறுப்பன், வெள்ளையன், செவலை என்று கூப்பிட்டார்கள். காங்கேயம் மாடுகளை இன்றும் காரி, மயிலை, செவலை என்று நிறத்தால்தான் அழைக்கிறார்கள். இதன் பழைய சுவட்டைச் சிறுபாணாற்றுப்படையில் பார்க்கலாம். 'காரிக் குதிரைக் காரியொடு மலைந்த ஓரிக் குதிரை ஓரியும்' என்று வருகிறது. காரியின் குதிரை காரி, ஓரியின் குதிரை ஓரி. கரிய நிறத்தால் ஒன்றும், பிடரி மயிரால் ஒன்றும் பெற்ற பெயராக இருக்க வேண்டும்; வள்ளலுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் என்பதில் அந்த வள்ளல்களுக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. (பெரம்பூர் வாசகர் இதையும் கீழ்வீட்டில் சொல்ல வேண்டாம்.) பாரதியாரும் வெள்ளைப் பூனை ஈன்ற குட்டிகளைச் சாம்பல் நிறம், கருஞ்சாந்து நிறம், பாம்பு நிறம், பாலின் நிறம் என்று எண்ணுகிறாரே அன்றி ஒன்றுக்கும் பெயர் சொல்லவில்லை. தருமரைப் பின்தொடர்ந்து சுவர்க்க வாசல் வரை சென்ற நாய்க்கும் பெயர் சொல்லக் கேட்டதில்லை.

ஆங்கிலப் பெயர்கள் பங்களா நாய்களோடு வந்து, பிறகு எல்லா வீடுகளுக்கும் பரவியிருக்க வேண்டும். இப்போது அந்த அலையும் ஓய்ந்துவருகிறது. 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போய், காத்திருப்பவர்கள் நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். லட்டு, ஜிலேபி, பிஸ்கட், காபி என்று பலகாரக் கடையில் நிற்பது போலிருக்கும். தின்பண்டப் பெயர்களை நான் குறை சொல்லமாட்டேன். நிறத்தைப் பார்த்துச் செவலை என்றார் தாத்தா, அதே நிறத்தைப் பார்த்து பிஸ்கட் என்கிறாள் பேத்தி.

வேளச்சேரி வாசகி: எங்கள் தெரு நாயை நான் 'ராணி' என்கிறேன், டீக்கடைக்காரர் 'கறுப்பி' என்கிறார், இரவுக் காவலர் 'பைரவி' என்கிறார். அது குழம்பாதா?

குழம்பாது. யார் எப்படி அழைக்கிறார், அவர் கையில் என்ன இருக்கும் என்பது அதற்கு மனப்பாடம். ஆனால் கருத்தடைக்கோ வெறிநோய்த் தடுப்பூசிக்கோ நீங்கள் பொறுப்பேற்றால், ஒரே பெயரில் குறித்துவையுங்கள். ராணிக்கு ஒரு முறையும் பைரவிக்கு ஒரு முறையும் ஊசி போடும்படி ஆகிவிடக் கூடாது.

ராயபுரம் வாசகர்: பதின்மூன்று ஆண்டுகள் எங்களோடு இருந்த பிளாக்கி தை மாதம் இறந்துபோனது. இப்போது ஒரு குட்டி வந்திருக்கிறது. அம்மா அதையும் பிளாக்கி என்றே அழைக்கிறார். குட்டி பழுப்பு நிறம். தங்கைக்கு இது பிடிக்கவில்லை. என்ன செய்வது?

இறந்தவரின் பெயரைப் பிறந்ததற்கு இடுவது நமக்குப் புதியதா? தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். அதுதான் பேரன் என்றாயிற்று. உங்கள் அம்மா செய்வது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. குட்டிக்கும் இதனால் ஒரு குறையும் இல்லை, பழைய பிளாக்கியை அது அறியாது. நிறம் பொருந்தாததும் பெரிதன்று. கருப்பாயி என்ற பெயரில் மாநிறமான பாட்டிகள் எத்தனையோ பேர்.

ஆனால் உங்கள் தங்கை சொல்வதையும் நான் தள்ளமாட்டேன். அந்தப் பெயர் வாயில் வரும்போதெல்லாம் அவருக்குத் தொண்டை அடைத்தால், அவர் குட்டியைக் கூப்பிடாமலே இருந்துவிடுவார். கூப்பிடாத குட்டி அவரிடம் ஒட்டாது. அம்மா குட்டியைப் பார்த்து, 'அந்த பிளாக்கி இப்படியெல்லாம் செய்யாது' என்று சொல்கிறாரா என்று ஒரு வாரம் கவனியுங்கள். சொல்லவில்லை என்றால் பெயர் அப்படியே இருக்கட்டும். சொல்கிறார் என்றால், தங்கையையே ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். மாநகராட்சி உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன் இது முடிந்துவிட்டால் நல்லது. அதன் பிறகும் அம்மாவின் வாயில் பழைய பெயர் வந்தால் திருத்த வேண்டாம். குட்டி இரண்டுக்கும் வரும்.