கட்டண டிவிக்குப் பதிலாக காம்போ ரிசீவர் போதுமா?

காம்போ ரிசீவர் என்பது டிஷ், ஆன்டெனா இரண்டின் சிக்னலையும் வாங்கும் ஒரே பெட்டி. பின்பக்கம் பார்த்தாலே புரியும்: டிஷ் ஒயருக்குத் திருகி மாட்டும் முனை, ஆன்டெனாவுக்குப் பெரும்பாலும் செருகும் முனை.

மாதக் கட்டணம் ஏன் இல்லை? இலவச சேனல்களின் செலவை விளம்பரமோ அரசு நிதியோ பார்த்துக்கொள்கிறது. அதனால் அவை பூட்டுப் போடாமலே ஒளிபரப்பாகின்றன. கட்டண சேனல்களுக்குப் பூட்டு உண்டு. நாம் மாதாமாதம் கொடுப்பது அந்தச் சாவிக்குத்தான்.

டிஷ், ஆன்டெனா இரண்டும் எதற்கு? செயற்கைக்கோள் சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து ஒரு கண்டத்தையே மூடுகிறது. சேனல்கள் ஏராளம், ஆனால் அடைமழையில் படம் உறைந்துபோகும். ஆன்டெனாவுக்கு சிக்னல் அனுப்பும் தரைக் கோபுரம் சில பத்து கி.மீ.க்குத்தான் எட்டும். மழைக்கு அவ்வளவாக அசையாது, உள்ளூர் சேனலும் தரும். மழைநீரும் கிணற்று நீரும் ஒரே தொட்டியில் சேர்வது மாதிரி, இரண்டும் ஒரே சேனல் பட்டியலாக வந்துவிடும். ரிமோட்டும் ஒன்றுதான்.

பழைய டிஷ்ஷைத் தூக்கி எறியாதீர்கள். இலவச சேனல் வரும் செயற்கைக்கோளை நோக்கித் திருப்பினால் பெரும்பாலும் போதும். தரை ஒளிபரப்பு முறை மட்டும் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டு முறைக்கான பெட்டியா என்று பார்த்து வாங்குங்கள். நேரடி விளையாட்டுக்காகவே கட்டணம் கட்டுபவர் என்றால், என்னைக் கேட்டால், அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம்.

இந்தப் பெட்டி வாங்கினால் கட்டண சேனல்களும் இலவசமாகத் திறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். திறக்காது, பூட்டில்லாதவை மட்டுமே வரும்.