தலைவருக்கு உரை எழுதும் வேலைக்கு என்ன படிக்கலாம்?

வணக்கம் அம்மா. மகள் பி.ஏ. வரலாறு படிப்பேன், அரசியல் தலைவர்களுக்கு உரை எழுதுவேன், பிற்பாடு வாழ்க்கை வரலாறு எழுதுவேன் என்கிறாள். "இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடும், ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைக்கிற வேலை இல்லை.

ஆஸ்திரேலியாவின் கிரஹாம் ஃப்ராய்டன்பர்க்கைப் பாருங்கள். பத்திரிகையாளராக இருந்தவர், 1961-இல் தொழிற்கட்சித் தலைவர் ஆர்தர் கால்வெலின் பத்திரிகைச் செயலாளரானார். வியட்நாமுக்குப் படை அனுப்புவதை எதிர்த்து 1965 மே மாதம் கால்வெல் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை இவர் எழுதியது. இன்றும் பேசப்படுகிற உரை. ஆனால் அடுத்த ஆண்டுத் தேர்தலில் கட்சி படுதோல்வி! நல்ல உரை ஓட்டு வாங்கித் தரும் என்று மகள் நம்பியிருந்தால் இப்போதே தெளியட்டும்.

பிறகு, கால்வெலுக்கு அடுத்துக் கட்சித் தலைவரான காஃப் விட்லமுக்கு எழுதினார். 1972 நவம்பர் 13, சிட்னியின் மேற்கே பிளாக்டவுனில் தேர்தல் உரை. "ஆஸ்திரேலிய ஆண்களே, பெண்களே" என்று விட்லம் ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போர்க்கால ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் கர்ட்டின் மக்களை விளித்த அதே விதம். பழைய உரைகளைப் படித்து ஊறியவர் கைக்குத்தான் இப்படியொரு தொடக்கம் வரும். மகள் வரலாறு கேட்பதில் தப்பே இல்லை.

கட்சி வென்றது, விட்லம் பிரதமரானார். ஆனால் 1975 நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் விட்லமைப் பதவி நீக்கினார். தலைவர் நாற்காலி போனால் அவருக்கு எழுதுகிறவர் வேலையும் ஆட்டம் காணும். உங்கள் பயம் நியாயம்தான். ஃப்ராய்டன்பர்க் சும்மா இருக்கவில்லை. விட்லமின் அரசியல் வாழ்க்கையை 1977-இல் புத்தகமாக்கினார், நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் நெவில் ரானுக்கும் உரை எழுதினார்.

எழுபதைத் தாண்டிய வயதில், 2008-இல், சர்ச்சிலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இருந்த உறவைப் பற்றித் தடிமனான நூல் எழுதினார். விட்லம் இவர் கூடவே இருந்து பார்த்த மனிதர். சர்ச்சில் விஷயத்தில் அந்த வசதி இல்லை. கடிதம், தந்தி, கோப்பு என்று தேடிப் படித்தால்தான் உண்டு. அந்தப் பழக்கம் இல்லாமல் தலைவரோடு இருந்த நினைவை மட்டும் நம்பினால் ஒரு புத்தகத்தோடு சரக்கு தீர்ந்துவிடும்.

வரலாறே எடுக்கட்டும். டிகிரி முடிந்ததும் இரண்டு மூன்று வருடம் ஏதாவது செய்தி டெஸ்க்கில் உட்காரட்டும். சம்பளம் சுமார்தான், ஆனால் நேரத்துக்குள் எழுதக் கை பழகும். சென்னையில் இருந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தை எட்டிப் பார்க்கட்டும். வாரம் ஒரு பழைய சட்டமன்ற உரையை எடுத்து மூன்று நிமிடப் பேச்சாகச் சுருக்கி, உங்களிடம் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டச் சொல்லுங்கள். லட்சக்கணக்கில் ஃபீஸ் கேட்கிற மீடியா கோர்ஸுக்குக் கடன் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.