தகடும் டப்பாவும்

அன்புள்ள அக்கா,

ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். புது டேப்லெட் ஒன்று வருகிறது என்றால் போதும், எங்கள் மதிய உணவு மேசை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். போன வாரம் பேச்சு 2024 மே மாதம் ஐபேட் ப்ரோவுக்காக ஆப்பிள் வெளியிட்ட விளம்பரத்துக்குப் போனது. பியானோ, கிட்டார், டிரம்பெட், பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் ஒரு ராட்சத பிரஸ் இறங்கி நசுக்கும். திறந்தால் உள்ளே மெல்லிய டேப்லெட் இருக்கும். அன்று அதைப் பார்த்து 'இனி இவர்கள் பொருளைத் தொடமாட்டேன்' என்று கொதித்த இரண்டு நண்பர்கள் அடுத்த மாதமே அதையே வாங்கினார்கள். அப்படியென்றால் இந்தக் கோபமெல்லாம் பொய்தானா? ஏழாவது படிக்கும் என் மகள் நன்றாக வரைவாள், டேப்லெட் கேட்கிறாள், வாங்கித் தரலாமா? இப்படி ஒரு பொருளை நம் ஊரில் யோசிக்கக்கூட ஆளில்லையே என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

ஆர்.,
பெங்களூரு

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. வீடு மாற்றுகிறோம் என்பதால்தான் பெட்டியைக் கீழே இறக்கினேன். உள்ளே ஒரு வெர்னியர் அளவுகோல், இரண்டு ஜோடி தோல் கையுறை, பி.எஃப். காகிதங்கள், அப்புறம் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு எவர்சில்வர் டப்பா. டப்பாவின் விளிம்புக்குக் கீழே ஒரு சுருக்கம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் தட்டுப்படும். அந்தச் சுருக்கத்துக்காகத்தான் அதைக் கழித்துப் போட்டார்கள், அதனால்தான் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. ஐந்தாவதிலிருந்து பத்தாவது வரை நான் பள்ளிக்குச் சாப்பாடு கொண்டுபோனது அதில்தான்.

அப்பா பிரஸ் ஆபரேட்டர், தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் எந்திரத்தை ஓட்டியவர். 'ராட்சத பிரஸ்' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் கடிதத்தில் இருந்த மற்றதெல்லாம் எனக்குப் பின்னால் போய்விட்டது. இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நண்பர்களின் கோபம் பொய்யில்லை. 2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடைக் காட்டினார். அன்றைக்கே அந்தப் பெயரில் இருந்த 'பேட்' என்ற சொல்லை மாதவிடாய் நாப்கினோடு சேர்த்து ஊரே கேலி செய்தது. ஏற்கனவே இருந்த ஐபாட் டச் என்ற சின்னக் கைக்கருவியைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார்கள். ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவில் கடைக்கு வந்தது, முதல் நாளிலேயே மூன்று லட்சம் விற்றது, அந்த வருடம் முடிவதற்குள் ஒன்றரைக் கோடியை நெருங்கிவிட்டது. சிரித்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கணக்கெடுத்து என்ன ஆகப் போகிறது? கல்யாண வீட்டில் சண்டை போட்டவரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார். சண்டையும் நிஜம், பசியும் நிஜம். அவர்களைச் சாப்பாட்டு மேசையில் குத்திக்காட்டாதீர்கள்.

ஆனால் நம் ஊரில் யோசிக்கக்கூட ஆளில்லை என்று எழுதினீர்களே, அதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். நீங்கள் தினமும் வேலைக்குப் போகும் இதே ஊரில், நாங்கள் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தின் ஆட்களும் என்கோர் என்ற நிறுவனமும் சேர்ந்து 2001இல் சிம்ப்யூட்டர் என்ற ஒரு கைக்கணினியைக் காட்டினார்கள். படிப்பறிவு இல்லாதவரும் புழங்க வேண்டும் என்று யோசித்துச் செய்தது. பேனாவால் தொட்டு இயக்கலாம், இந்திய மொழி எழுத்தை அது வாய்விட்டுப் படித்துக் காட்டும். 2004இல் விற்பனைக்கு வந்தது. தயாரித்தது இங்கே ஜாலஹள்ளியில் இருக்கும் பாரத் எலக்ட்ரானிக்ஸ். கையில் வைத்து அசைத்தால் பக்கம் புரளும். ஐபோன் வருவதற்கு மூன்று வருடம் முன்னால்! விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. சில ஆயிரங்களுக்கு மேல் விற்கவில்லை. அதைப் பற்றிப் பேசக் கூட்டம் இல்லை, திட்டவும் கூட்டம் இல்லை. யோசித்தவர்கள் இருந்தார்கள் தம்பி. உங்கள் அலுவலகத்தில் நாற்பது வயதைத் தாண்டிய யாரையாவது கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள்.

சரி, பிரஸ்ஸுக்கு வருகிறேன்.

அந்த விளம்பரத்துக்கு வந்த கோபம் முழுவதும் பியானோவுக்காக வந்தது. ஹ்யூ கிராண்ட் மாதிரி நடிகர்கள் எழுதினார்கள், ஜப்பானில் நிறையப் பேர் மனம் நொந்து எழுதினார்கள். இரண்டே நாளில் ஆப்பிள் குறி தப்பிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டது, தொலைக்காட்சியில் போடும் எண்ணத்தையும் விட்டது. நசுங்கிய பொருள்களுக்காக எல்லோரும் அழுதார்கள். நசுக்கிய எந்திரத்தைப் பற்றி நான் பார்த்தவரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அரக்கன், அதற்கு வேறு வேலை கிடையாது என்று விளம்பரம் எடுத்தவர்களும் நம்பினார்கள், எதிர்த்தவர்களும் நம்பினார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்பா முதலில் ராஜாஜிநகர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தார். அங்கே இருந்தது பழைய பவர் பிரஸ். பக்கவாட்டில் பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், காலால் பெடலை மிதித்தால் தலை இறங்கும். ஒரு தடவை மிதித்துவிட்டால் சக்கரம் தன் சுற்றை முடிக்காமல் நிற்காது, நடுவில் நிறுத்த வழியே இல்லை. 1976இல் ஒரு நாள் தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துவிட்டது. சரிசெய்யக் கையை நீட்டினார், கால் பெடலில் இருந்தது. இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு நின்றுவிட்டன. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்குப் பட்டறை முதலாளி சம்பளம் பிடிக்கவில்லை. அதைத் தவிர ஒரு பைசா தரவில்லை. அம்மா சாகும்வரை அந்த ஆளை மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை.

1978இல் வேறு கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஹைட்ராலிக் பிரஸ். விளம்பரத்தில் காட்டினார்களே, அந்த இனம். எண்ணெயின் அழுத்தத்தில் மெதுவாக இறங்கும். எந்த இடத்திலும் நிறுத்தலாம், திரும்ப ஏற்றலாம். இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி ஒவ்வொரு பட்டன். இரண்டு உள்ளங்கையும் இரண்டு பட்டனிலும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் இறங்கும், ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். அதனால் கை உள்ளே இருக்கவே முடியாது. முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து அம்மாவிடம் அப்பா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "இது நம்ம கையைக் கேட்டுட்டுத்தான் இறங்குது."

1979 ஆயுத பூசைக்கு எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஒரு நாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். எந்திரத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, இரண்டு தூணிலும் வாழைக்கன்று கட்டி, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே வெள்ளைப் பூசணியில் குங்குமம் அடைத்து உடைத்தார்கள். எங்கள் கையில் பொரி, கடலை, ஒரு மைசூர்பாகு. பூசையில் அப்பா சந்தனத்தைக் குழைத்து அந்த இரண்டு பட்டனுக்கும் பொட்டு வைத்தார். குறைந்த இரண்டு விரலும் சந்தனத்தில் நனைந்திருந்தன. எனக்குப் பத்து வயது. விரலை எடுத்தது பிரஸ்தானே, அதற்கு எதற்குப் பொட்டு என்று கேட்டேன். "எடுத்தது இது இல்ல பாப்பா, அவசரம்" என்றார்.

சாதாரண நாளில் அது என்ன செய்யும் தெரியுமா? வட்டமாக வெட்டிய தகட்டை டை என்ற அச்சின் மேல் வைப்பார்கள். பிரஷ்ஷால் எண்ணெய் தடவுவார்கள். ஒரு வளையம் வந்து தகட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் பஞ்ச் என்ற இரும்புக் கட்டை இறங்கித் தகட்டைக் கீழே தள்ளும், தள்ளத் தள்ளத் தகடு ஓரத்திலிருந்து உள்ளே வழுக்கிக்கொண்டு போகும். பஞ்ச் மேலே ஏறினால் கீழே ஒரு டப்பா நிற்கும். ஒட்டு இல்லை, பற்றவைப்பு இல்லை, ஒரே தகடு. ஓரத்தைப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இறுக்கிப் பிடித்தால் அடியில் கிழிந்துவிடும், தளர்த்தினால் விளிம்பில் சுருங்கிவிடும். மேஸ்திரி கன்னடக்காரர், பக்கத்தில் நின்று "நிதானா, நிதானா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். என் டப்பாவில் இருக்கும் சுருக்கம் வளையம் ஒரு நொடி தளர்ந்ததால் வந்தது.

அப்பாவின் பிரஸ் தட்டையாக இருந்ததைப் பாத்திரம் ஆக்கியது. விளம்பரத்தில் வந்த பிரஸ் பாத்திரமாக இருந்ததையெல்லாம் தட்டையாக்கியது. அந்த டிரம்பெட்டின் அகன்ற வாயும் ஒரு காலத்தில் பித்தளைத் தகடுதான். யாரோ வெட்டி, சுருட்டி, தட்டித் தட்டி விரித்த வாய் அது. அதைத் திரும்பத் தகடாக்கிவிட்டு, 'பாருங்கள், எவ்வளவு மெல்லியது' என்கிறார்கள். பெரிய அளவு ஐபேட் ப்ரோ 5.1 மில்லிமீட்டர். நல்ல பொறியியல்தான், மறுக்கவில்லை. அந்த அலுமினிய உடலும் எங்கோ ஒரு பட்டறையில் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஆட்களால் வந்தது. நம் பீன்யா தொழிற்பேட்டையிலேயே 2017இல் ஐபோன் எஸ்.இ. கோத்தார்கள். தன் பொருளைப் பிறப்பித்த எந்திரக் குடும்பத்தைப் பிடித்துவந்து கொலைகாரன் வேஷம் போட்டுவிட்டார்களே என்றுதான் எனக்குக் கோபம்.

இன்னொன்று. அந்த விளம்பரத்து பிரஸ்ஸில் டை இல்லை. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் குவித்துவைத்த சாமான்கள். டை இல்லாத பிரஸ் என்றால் பழைய இரும்புக்காரர்கள் தகரத்தைக் கட்டியாக்க வைத்திருக்கும் எந்திரம்தான். அதுவும் நேர்மையான வேலை, கழிவை உருக்க அனுப்புகிறது. ஆனால் யாரும் அதில் நல்ல பியானோவைப் போடமாட்டார்கள். டைதான் தம்பி பிரஸ்ஸின் அறிவு. என்ன உருவம் வரவேண்டும் என்று ஒரு டை மேக்கர் வாரக்கணக்கில் உட்கார்ந்து இழைத்து வைத்திருப்பது அதில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் பலம். விளம்பரத்தில் கடைசியாக ஒரு மஞ்சள் பந்துக்குக் கண் பிதுங்கும். அதைப் பார்த்து நம்மைச் சிரிக்கச் சொன்னார்கள். என்னால் அப்பாவின் கையைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை.

யாரோ ஒருவர் அந்த விளம்பரத்தைத் தலைகீழாக ஓட்டி வெளியிட்டார். பிரஸ் மேலே ஏற ஏற, சப்பையான குப்பையிலிருந்து கிட்டார் எழுகிறது, பியானோ நிமிர்கிறது, பெயின்ட் டப்பாவுக்குள் திரும்பிப் போகிறது. ஆப்பிளுக்குச் சரியான பதிலடி என்று பாராட்டினார்கள். எனக்கு அது அப்பாவின் எட்டு மணி நேர ஷிஃப்ட் மாதிரி இருந்தது. நான்கு தடவை பார்த்தேன், நாலாவது தடவை அழுதுவிட்டேன்.

உங்கள் நண்பர்கள் கோபப்பட்டதில் ஒரு குறை சொல்வேன் என்றால் இதுதான்: பியானோவைத் தொட்டுப் பார்த்தவர்கள் அதற்காகக் கோபப்பட்டார்கள், பிரஸ்ஸைத் தொட்டுப் பார்த்தவர்கள் அந்த மேசையில் இல்லை. ஒயிட்ஃபீல்டிலிருந்து பீன்யா எத்தனை கிலோமீட்டர் இருக்கும்? இப்போது மெட்ரோவே போகிறது. ஒரு தடவையாவது போயிருக்கிறீர்களா? இந்த ஊரில் பதினைந்து வருடம் இருந்துகொண்டு தன் வீட்டுப் பாத்திரம் எப்படி உருவாகிறது என்று பார்க்காமல் இருப்பது சரியில்லை தம்பி. உங்களைப் பிடிக்கும் என்பதால்தான் இவ்வளவு காட்டமாகச் சொல்கிறேன்.

பாப்பாவுக்கு டேப்லெட்டா? அந்த ப்ரோ வந்தபோது சின்ன அளவுக்கே 99,900 ரூபாய். ஏழாவது படிக்கும் பிள்ளைக்கு அது வேண்டாம். பேனாவோடு வரும் விலை குறைந்தது எதுவானாலும் போதும். முதலில் யாரிடமாவது ஒரு வாரம் இரவல் வாங்கிக் கொடுங்கள். ஐந்தாவது நாளும் அதில் வரைகிறாளா, வீடியோ பார்க்கிறாளா என்று பாருங்கள். வரைந்தால் வாங்குங்கள். வாங்கினால் ஆயுத பூசை அன்று அதற்கும் ஒரு பொட்டு வைக்கட்டும்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அப்பாவிடம் வேலை கற்றவர் ஒருவர் பீன்யாவில் இப்போது சொந்தமாகச் சின்ன பிரஸ் ஷாப் வைத்திருக்கிறார். எவர்சில்வர் சம்படம்தான் போடுகிறார். நேற்றே போனில் பேசிவிட்டேன், சனிக்கிழமை காலை வரச் சொன்னார். பாப்பா ஷூ போட்டுக்கொண்டு வரட்டும், செருப்போடு உள்ளே விடமாட்டார். தலையை இறுக்கப் பின்னியிருக்க வேண்டும், துப்பட்டா கூடாது. வரைய ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வரட்டும். நான் அந்த டப்பாவைக் கொண்டுவருகிறேன், சுருக்கம் எங்கே இருக்கிறது என்று அவளே தடவிக் கண்டுபிடிக்கட்டும்.

அன்புடன்,
அக்கா